ஜெர்மனியில் வேலைக்குச் சேர்வோர் முதலில் ஒட்ட வேண்டிய பெயர்

வேலை கிடைத்து ஜெர்மனிக்குச் செல்லும் இளைஞர்கள், வாடகை வீட்டின் சாவியை வாங்கிய அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியின் அருகிலும் தங்கள் பெயரை ஒட்டிவிட வேண்டும். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்குத் தனி எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார், பெயர் இல்லையென்றால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

குடிபுகுந்த 2 வாரங்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்த பிறகு, வரி அடையாள எண் தபாலில்தான் வந்து சேரும். அந்த எண் நிறுவனத்துக்குக் கிடைக்காவிட்டால், பிடித்தம் மிக அதிகமான 6-ஆம் வரிப் பிரிவில் சம்பளம் கணக்கிடப்படக்கூடும். பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், முதல் மாதச் சம்பளத்தை நம்பி முன்பணம் கட்டியவருக்கு அது பெரிய இடிதான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது பலருக்கும் அப்பாவின் பெயர் என்பதால், அரசுக் கடிதங்கள் அந்தப் பெயருக்கே வரும். ஆகவே முதலெழுத்தோடு நிறுத்தாமல், இரண்டு பெயர்களையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே முழுமையாக எழுதுங்கள்.

நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வரும் பார்சலைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர் பெயரை எழுதிய சீட்டொன்றைப் பெட்டியில் போட்டுச் செல்வார்கள். அன்று மாலையே போய் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் அறிமுகம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.