வில்லுக்கத்தியும் பூவரசந்தடியும்: பேரப்பிள்ளைக்குச் சீவக் கற்றுக்கொடுத்தல்

பேரப்பிள்ளையின் கையில் முதன்முதலாக ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும்போது நமது கண் அந்தச் சிறு விரல்களின் மேலேயே போய் நிற்கும். அது இயல்புதான். ஆனால் கற்றுக்கொடுப்பவர் அதேயளவு கவனத்துடன் பார்க்கவேண்டிய இன்னொன்று உண்டு. அது கத்தியின் வாயிலிருந்து விழும் சீவல். சீவல் மெல்லியதாக, நீளமாக, ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்டு விழுந்தால், கத்தி கூராக இருக்கிறது, கை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே போகிறது, தேவைக்கு மேல் பலம் கொடுக்கப்படவில்லை என்ற மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அது தடித்துத் துண்டுதுண்டாக உடைந்தாலோ, தூளாக உதிர்ந்தாலோ, இம்மூன்றில் ஒன்றில் பிழை இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் அடுத்ததாக வெட்டுப்படுவது விரல்தான்.

எந்த வயதில் தொடங்கலாம் என்பதற்கு ஒரே விடை இல்லை. எட்டு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைப்பலம் போதுமானதாகிவிடும். ஆனால் நான் வயதைவிட வேறொன்றையே பார்ப்பேன். பாதி வேலையில் இருக்கும்போது “நிப்பாட்டு” என்றால் உடனே நிறுத்தும் பிள்ளையா என்பதே அது. பந்தை உதைக்க ஓடும்போது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது. பேரன், பேத்தி என்ற வேறுபாடு இதில் இல்லை. அரிவாளில் மரக்கறி அரிய ஒன்பது வயதிலேயே பெண்பிள்ளைகளைப் பழக்கிய ஊரில், கத்தி ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கொடுக்கவேண்டியது வில்லுக்கத்தி, அதாவது அலகைப் பிடிக்குள் மடிக்கக்கூடிய கத்தி. அதன் அலகு ஆறு அல்லது ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கத் தேவையில்லை. சுவிஸில் இருக்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் சிவப்புப் பிடிக் கத்தி பல வீடுகளில் ஏற்கெனவே அலுமாரிக்குள் கிடக்கும். அந்த நாட்டு இராணுவத்துக்கு 1891ஆம் ஆண்டில் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கிய கார்ல் எல்செனரின் பட்டறையே இன்றைய விக்ரோறினொக்ஸ் நிறுவனம். அதன் சிறிய கத்திகளில் அலகை விரித்து வைத்திருப்பது ஒரு வில் மட்டுமே, பூட்டு இல்லை. எனவே நுனியால் குத்தினாலோ துளைத்தாலோ அலகு மடங்கி விரலின் மேல் விழக்கூடும். பிரான்சின் ஓப்பினல் கத்தியில் 1955 முதல் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் அலகு அசையாது. இரண்டு நிறுவனங்களுமே நுனி மழுங்கிய சிறுவர் கத்திகளையும் செய்கின்றன. பூட்டில்லாத கத்தியே கைவசம் இருந்தால், நுனியால் குத்துவதை முற்றாகத் தடைசெய்துவிட்டு அதையே பயன்படுத்தலாம். திருவிழாக் கடைகளில் தொங்கும் தகரக் கத்திகளை மட்டும் வாங்கவேண்டாம். அவற்றில் கூர் ஒரு மாலைப்பொழுதுக்குக்கூட நிற்பதில்லை.

கூர் குறைந்த கத்தி பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. மொட்டைக் கத்தி மரத்தில் இறங்காது. இறங்காததால் பிள்ளை முழுப்பலத்தையும் போட்டு அழுத்தும். அழுத்தும்போது கத்தி மரத்தை விட்டு வழுக்கும். பனையில் ஏறிப் பாளை சீவுகிறவர் தமது கத்தியைத் தினமும் தீட்டுவது வெறும் பழக்கத்துக்காகவா? தீட்டுவதைப் பிள்ளையின் முன்னாலேயே செய்யுங்கள். தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, அலகை முதலில் கல்லின்மேல் நிமிர்த்திப் பிடித்து, அதில் பாதிக்குச் சாய்த்து, பிறகு இன்னொரு பாதிக்குச் சாய்த்தால் ஏறத்தாழ 22 பாகைச் சாய்வு கிடைக்கும். அந்தச் சாய்வு மாறாமல் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுத்து, கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டியில் கூருக்கு எதிர்த்திசையாகச் சில தடவை இழுத்துவிட்டால் போதும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு ஏறாத விளிம்பும் உதவும். கூரைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பதைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள். அவர்கள் முதலில் பின்பற்றுவது அதைத்தான். ஒரு கடதாசித் தாளை வெட்டிக் காட்டுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தவருக்குக் குறையே இல்லை. நமது வேலியே ஒரு மரக்கடை. பழகுவதற்கு மிகவும் இதமானது முள்முருக்கு. கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றும் அதே மரம். பச்சையாக இருக்கும்போது கத்தி அதில் எளிதாக இறங்கும். முள்ளையும் பட்டையையும் நீங்களே முதலில் நீக்கிக் கொடுக்கவேண்டும். ஆனால் அது காய்ந்தபின் தக்கைபோலாகிவிடுவதால் நிலைக்கும் பொருள் எதையும் அதில் செய்ய முடியாது. இரண்டாம் கட்டத்துக்குப் பூவரசு. இளங்கிளையின் பச்சைத் தடி சீவ மென்மையானது, காய்ந்தால் உறுதியானது, வயதான மரத்தின் வைரமோ கருஞ்சிவப்பாக மினுங்கும். கிளுவையும் மென்மையானதுதான், ஆனால் அதன் பிசின் அலகில் ஒட்டிக்கொண்டு மடிப்பை இறுக்கிவிடும். முருங்கை முறிந்துபோகும், பனஞ்சிலாகை நார்நாராகப் பிரிந்து கையில் ஏறும், முதிரையும் பாலையும் தச்சருக்கே வேலை கொடுக்கும் மரங்கள். அலரி நஞ்சு, கள்ளியினதும் எருக்கலையினதும் பால் கண்ணில் பட்டால் பெரும் வேதனை. இம்மூன்றையும் பெயர் சொல்லி, மரத்தையும் காட்டி விலக்கவேண்டும். ஏனென்றால் பிள்ளை அடுத்த தடியைத் தானாகவே தேடப் போகும். வேலியில் நடக் கதியால் வெட்டும் நாட்களில், பெருவிரல் தடிப்பில், கணு குறைவாக, ஒரு முழ நீளத்தில் பத்துப் பன்னிரண்டு தடிகளை ஒதுக்கி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் ஒரு கிழமைக்குக் காணும். (பூவரசை வெட்டும்போது இலையைச் சுருட்டிக் குழல் ஊதிக் காட்டாமல் விடமுடியாது, அதற்குப் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இருக்கும் முறையை ஒருமுறை சரியாகப் பழக்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். தாழ்வான வாங்கில் இருந்து, இரண்டு முழங்கைகளையும் முழங்கால்களின்மேல் ஊன்றி, தடியும் கத்தியும் முழங்கால்களுக்கு அப்பால் இருக்கும்படி பிடிக்கவேண்டும். மடிக்குள் வைத்துச் சீவவே கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய நாடி ஓடுகிறது, அதில் வெட்டு விழுந்தால் வீட்டு வைத்தியத்தால் ஒன்றும் ஆகாது. கத்தி பிடித்த கையை நீட்டிச் சுற்றினால் வேறு எவர்மேலும் படாத இடைவெளி இருக்கவேண்டும். நடக்கும்போதும், கதைக்கத் திரும்பும்போதும், கத்தியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் அது மடித்தே இருக்கவேண்டும். நீங்கள் பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். பிள்ளை இடக்கையராக இருந்தால் எதிரே இருங்கள், அப்போது உங்கள் கை கண்ணாடியில் தெரிவதுபோல அவர்களுக்குத் தெரியும். உங்கள் கையிலும் ஒரு தடி இருக்கட்டும். சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் வாய் ஓயாது.

தொடக்கத்தில் இரண்டு வெட்டுகள் போதும். ஒன்று, உடம்பிலிருந்து வெளியே தள்ளும் நீண்ட சீவல்: தடியை ஒரு கை பின்புறத்தில் பிடிக்க, மற்றக் கை மணிக்கட்டை அசைக்காமல் முழுக் கையாலும் கத்தியைத் தள்ளும். மற்றையது, தடி பிடித்த கையின் பெருவிரலை அலகின் முதுகில் வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ளும் வெட்டு. நுணுக்கமான இடங்களுக்கு இதுவே உரியது, இதில் கத்தி ஓடிப்போகவும் மாட்டாது. மாங்காய்த்தோல் சீவுவதுபோலப் பெருவிரலை நோக்கி இழுக்கும் வெட்டைப் பிள்ளை வீட்டில் கண்டிருக்கும், செய்யவும் விரும்பும். அதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். தடிப்பான பக்கத்திலிருந்து மெல்லிய பக்கத்தை நோக்கியே எப்போதும் சீவவேண்டும் என்பதையும், கணு வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அதை நெருங்கவேண்டும் என்பதையும் வாயால் விளக்குவதைவிடச் சீவலே நன்றாக விளக்கும். என் பேத்தி இரண்டாம் நாள், “அம்மப்பா, இது ஏன் கிழிஞ்சு கிழிஞ்சு வருது?” என்று கேட்டாள். நான் மறுமொழி சொல்லாமல் தடியை மறுபக்கம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சீவல் முழுதாகச் சுருண்டு விழுந்தது. அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை, அவளாகவே தடியைத் திருப்பத் தொடங்கிவிட்டாள்.

முதல் நான்கைந்து நாட்களுக்கு எந்தப் பொருளும் செய்யவேண்டாம். ஒரு சுளகை முன்னால் வைத்து, உடையாத நீளச் சீவல் யாருடையது என்று பார்ப்பதே வேலை. பொருள் என்று தொடங்கிவிட்டால் முடிக்கவேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் அதிகம். களைத்த கைதான் வழுக்கும்.

வெட்டு ஒருநாள் பட்டே தீரும். சுத்தமான தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் அழுத்தி, கையைச் சற்று உயர்த்தி, இடையில் திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் பிடியுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, சிலந்திவலை எதையும் வைக்கவேண்டாம். இரத்தம் நிற்காவிட்டாலோ, காயத்தின் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மடங்காவிட்டாலோ, விறைத்திருந்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதை அறியத் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச்செல்லுங்கள். சிறு கீறல் என்றால், அன்றே திரும்பவும் இரண்டு சீவல் சீவவிட்டுக் கத்தியை மடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயம் இரவோடு ஊறிவிடும்.

முதற்பொருளாக நான் சொல்வது கிட்டிப்புள்ளின் புள். நாலு விரற்கடை நீளப் பூவரசந்தடியை இரு முனையும் கூம்பும்படி சீவுவதில், நடுவிலிருந்து வெளியே சீவுதல், தடியைச் சுழற்றுதல், இரு பக்கமும் ஒத்திருக்கச் செய்தல் ஆகிய எல்லாம் அடங்கிவிடும். ஒரு முனை மற்றதைவிட நீண்டிருந்தால் புள் எழும்பாது என்பதால், பிள்ளையின் வேலையைக் குறைகூறும் பொறுப்பு உங்களுக்கு இல்லாமல் போய்விடும். தடி குட்டையாவதால் கை கத்திக்கு நெருங்கிவிடும். ஆகவே நீண்ட தடியின் ஒரு முனையை முதலில் சீவி, அளந்து, மறுமுனையையும் பெரும்பாலும் சீவி முடித்தபின் மரம் அரியும் வாளால் துண்டித்துக் கொடுங்கள்.

அதன்பின் சிரட்டை அகப்பை. கண்ணில்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகளை நீங்கள் இடுங்கள். காம்பு பிள்ளையின் வேலை. இதற்குப் பச்சைத்தடி ஆகாது, ஏனென்றால் பச்சையில் இறுக்கமாகப் பொருத்திய காம்பு காயும்போது சுருங்கிக் கழன்றுவிடும். பட்டை நீக்கி நிழலில் சில கிழமைகள் காயவிட்ட பூவரசே வேண்டும். காம்பின் முனையைச் சிறிது சீவித் துளையில் நுழைத்துப் பார்த்து, எங்கே உராய்கிறதோ அங்கே மட்டும் பெருவிரல் தள்ளலால் ஒரு சீவல் எடுத்து, மீண்டும் நுழைத்துப் பார்க்கவேண்டும். மேற்பரப்பைப் பராய் இலையால் தேய்க்கலாம். அதன் சொரசொரப்பு மெருகிடப் போதும். காம்பு ஆடினால் சிரட்டைக்கும் காம்புக்கும் இடையில் ஒரு மெல்லிய ஆப்பு அடியுங்கள். அந்த ஆப்புக்கு வேறு மரம் தேடவேண்டியதில்லை. சுளகில் கிடக்கும் தடித்த சீவல்களில் ஒன்றைப் பிள்ளையே பார்த்து எடுத்துத் தரும்.