ஸேஹுண்ட் குட்டி நீர்மூழ்கியை சைலண்ட் ஹண்டர் 3க்குள் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்மூழ்கி ஓட்டும் கணினி கேமான சைலண்ட் ஹண்டர் 3 வெளிவந்தது 2005ல். அதில் நாம் ஓட்டக் கிடைக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் மிகச் சிறியது டைப் 2ஏ. ஆனால் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜெர்மானியர்கள் கடலுக்கு அனுப்பிய ஸேஹுண்ட் அதைவிடப் பல மடங்கு சின்னது: நீளம் சுமார் 12 மீட்டர், நீருக்குள் எடை சுமார் 17 டன், உள்ளே இரண்டே பேர். இதை ஒரு மோடாக, அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றமாக, கேமுக்குள் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெரிய படகைச் சுருக்கினால் சின்னப் படகு வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது புரியும். டைப் 2ஏயின் நீளம் சுமார் 41 மீட்டர், நீருக்குள் எடை 303 டன். அதை 12 மீட்டராகச் சுருக்கினால் நீளம் 0.29 மடங்கு ஆகும். கன அளவோ அந்த எண்ணின் முப்படி. அதாவது எடை ஏழெட்டு டன்னுக்கு இறங்கிவிடும். நிஜமான ஸேஹுண்டின் பாதிகூட இல்லை. காரணம், அது குட்டையாக, தடிப்பாக இருக்கும் வேறு வடிவம். மாடலை மட்டும் சுருக்கிவிட்டு, படகு நடந்துகொள்ளும் விதத்துக்கான எண்கள் இருக்கும் சிம் ஃபைலில் பழைய எடையையே விட்டால் இன்னும் மோசம்: கட்டுமரம் அளவுப் படகு இரும்புக் கப்பல்போல அலையில் அசையாமல் நிற்கும். எடை, மிதக்கும் ஆழம், புவியீர்ப்பு மையம், நீரின் இழுவை ஆகிய நான்கையும் ஸேஹுண்டின் அளவுகளிலிருந்தே புதிதாகப் போடுங்கள். போட்டபிறகு, கேம் அனுமதிக்கும் உச்சக் காற்றான விநாடிக்கு 15 மீட்டரில் ஓட்டிப் பாருங்கள். அமைதியான கடலில் ஒழுங்காக மிதந்த படகு அங்கே குட்டிக்கரணம் போட்டால் புவியீர்ப்பு மையத்தை இன்னும் கீழே இறக்க வேண்டும்.

அடுத்தது அலகுக் குழப்பம். டீசலில் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் சுமார் 270 கிலோமீட்டர், பேட்டரியில் 3 நாட்டில் 63 கிலோமீட்டர் என்று ஸேஹுண்டின் ஓட்டத் தூரத்தைப் புத்தகங்கள் கிலோமீட்டரில் தருகின்றன. கேம் கேட்பது கடல் மைல். 270 என்று அப்படியே அடித்துவிட்டால் படகுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எரிபொருள் கொடுத்ததாகிவிடும். சரியான எண்கள் 146, 34.

குழுவினர் விஷயத்தில் ஒரு தவறு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதைப் பல மோட்களில் பார்க்கலாம். தளபதி, எஞ்சினியர் என இரண்டு பேரை மட்டும் வைப்பார்கள். ஆனால் எஞ்சின் அறைக்குத் தேவையான ஆள் கணக்கை மாற்ற மாட்டார்கள். ஆள் போதாமல் திறன் இறங்கும், படகு ஊர்ந்து போகும். உடனே எஞ்சின் சக்தியை ஏற்றுவார்கள். முடிவில் நிஜத்தில் 60 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் கேமில் எதற்கும் பொருந்தாத எண்ணோடு நிற்கும். மாற்ற வேண்டியது ஆள் தேவையை, எஞ்சினை அல்ல.

டார்பிடோவில் நிதானம் தேவை. ஸேஹுண்ட் சுமந்த ஜி7இ என்ற மின்சார டார்பிடோவே 7 மீட்டருக்கு மேல் நீளம்; 12 மீட்டர் படகுக்குள் அதற்கு இடமே கிடையாது. அதனால்தான் அதன் இரண்டு டார்பிடோக்களையும் அடிவயிற்றின் இரு பக்கமும் வெளியே தொங்கவிட்டார்கள். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தால்தான் மாட்ட முடியும், ஆகவே கடலில் ரீலோடு என்ற பேச்சே இல்லை. கையிருப்பு எண்ணிக்கையை பூஜ்யமாக்குங்கள். ஏவும் புள்ளியை 2ஏயின் மூக்குப் பக்கமே விட்டுவிடாமல் புதிய இடத்துக்கு நகர்த்துங்கள். அது உடலின் மோதல் எல்லைக்குள் சிக்கியிருந்தால் டார்பிடோ சொந்தப் படகிலேயே முட்டும். எடை குறைப்பதற்காக இவற்றில் பேட்டரியைக் குறைத்திருந்தார்கள் என்பதால், வழக்கமான ஜி7இயின் 5,000 மீட்டர் ஓட்டத்தையும் கொடுக்கக் கூடாது.

பெரிஸ்கோப்பும் அப்படித்தான். ஸேஹுண்டில் இருந்தது சுமார் 3 மீட்டர் நீளமுள்ள, ஏற்றி இறக்க முடியாத குழாய். பெரிஸ்கோப் ஆழம் என்ற எண்ணைப் பெரிய படகிலிருந்து அப்படியே விட்டால் திரையில் வெறும் தண்ணீர்தான் தெரியும்.

எதிரியின் ஸோனாருக்கு இந்தக் குட்டிப் படகு எளிதில் அகப்படவில்லை என்பது உண்மை. அதற்காக சிம்.சிஎஃப்ஜி ஃபைலில் எதிரிகளின் செவியைக் குறைத்துவிடாதீர்கள். அது எல்லாப் படகுகளுக்கும் பொதுவான ஃபைல். உங்கள் மோட் போட்டவர் டைப் 7சி போன்ற வேறு படகில் ஆடும் ஆட்டமும் கெட்டுப்போகும். ஸேஹுண்டை வெல்லவே முடியாத ஆயுதமாக்குவது வரலாற்றுக்கும் பொருந்தாது. 1945 புத்தாண்டையொட்டி நெதர்லாந்தின் ஐமாய்டனிலிருந்து கிளம்பிய முதல் அணியில் ஒரு டஜனுக்கும் மேல் படகுகள் போயின, இரண்டே திரும்பின. போர் முடியும்வரை 142 பயணங்கள், 35 படகுகள் இழப்பு. பெரும்பாலானவற்றை விழுங்கியது மோசமான வானிலை. மோட் இந்தப் பயத்தைத் தர வேண்டும்.

ஆகவே 1940ல், நடு அட்லாண்டிக்கில் இதை இறக்கிவிடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது. 1945 ஜனவரி முதல் மே தொடக்கம்வரை, ஐமாய்டன் தளம், தேம்ஸ் முகத்துவாரம், இங்கிலாந்தின் கிழக்குக் கரை: இதுவே அதன் களம். முற்றுகையிடப்பட்ட டன்கிர்க்கில் இருந்த ஜெர்மன் படைக்கு, டார்பிடோவுக்குப் பதிலாக உணவு நிரப்பிய உருளைகளைத் தொங்கவிட்டுக் கொண்டுபோன பயணங்களும் உண்டு. அதை ஒரு தனி மிஷனாகச் செய்தால் அருமையாக இருக்கும்.

படகை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பாகத்தின் அடையாள எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள். மாடல் இருக்கும் டேட் ஃபைலில் பாகத்தின் எண் ஒன்று, அதன் தாய்ப் பாகத்தின் எண் இன்னொன்று இருக்கும். சிம் ஃபைலும், சேதப் பகுதிகளுக்கான ஸோன் ஃபைலும் அவற்றைப் பார்த்தே ஒட்டிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் மாற்றி இன்னொரு இடத்தில் விட்டால், அசல் படகும் நகலும் மோதி கேம் டெஸ்க்டாப்புக்கு விழுந்துவிடும். கையால் தேடாமல், இந்த ஃபைல்களைத் திருத்தும் மென்பொருளான சைலண்ட் த்ரீடிட்டரில் செய்யுங்கள்.

வெளியிடும்போது, மோட்களைப் போட்டு எடுக்க உதவும் ஜேஎஸ்ஜிஎம்இ மென்பொருளில் போட்டு எடுக்கக்கூடிய ஃபோல்டராகவே கொடுங்கள். பேசிக்.சிஎஃப்ஜி போன்ற பொது ஃபைலை முழுசாக மேலெழுதாமல், சேர்க்க வேண்டிய வரிகளை ரீட்மீயில் தனியாக எழுதுங்கள். 1.4பி பேட்ச் தேவை என்பதையும், துறைமுகத்தில் இருக்கும்போது மட்டுமே மோடைப் போடவோ எடுக்கவோ வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மாடல் இன்னொருவர் செய்ததென்றால் அவருடைய அனுமதியை முன்பே வாங்கி, பெயரையும் போடுங்கள்.