ஸ்வரம் கெடாமல் வேத பாராயணத்தை ஒலிப்பதிவு செய்ய

முதல் வேலை, சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளை அணைப்பது. கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய பாராயணத்தில் உதாத்தம் என்ற ஸ்வரம் நடுவில் நிற்கும். அனுதாத்தம் ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் கீழே, ஸ்வரிதம் அரை ஸ்வரம் மேலே. தீர்க்க ஸ்வரிதமோ ஒரே நெட்டெழுத்துக்குள் நடுவிலிருந்து மேலே ஏறும். மென்பொருள் அந்த ஏற்றத்தைப் பிசிறு என்று எடுத்துக்கொண்டு நேராக்கிவிடும். அப்புறம் அது மந்திரமே அல்ல.

நீண்ட பாராயணத்தில் சுருதி மெல்ல நகரும். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒட்டாது. சொல்பவரின் ஒரு காதில் மூடிய ஹெட்போன் வழியாகத் தம்பூரா ஒலிக்கட்டும், ஷட்ஜம் அவருடைய உதாத்தத்தோடு சேரும்படி. சத்தம் குறைவாக இருந்தால்தான் மைக்கில் கசியாது.

மைக்கை 30 முதல் 40 செ.மீ. தள்ளி, வாய்க்குச் சற்று மேலே, சாய்த்து வையுங்கள். ‘பவ’, ‘தர்ம’ போன்ற சொற்களின் மஹாப்ராண எழுத்துகளில் (மூச்சு சேர்த்து அழுத்திச் சொல்லும் எழுத்துகள்) வரும் காற்று நேராக மோதினால் ‘டொப்’பென்று கேட்கும், பாப் ஃபில்டர் இருந்தும் தப்பாது. பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

கோஷ்டி என்றால் ஆளுக்கொரு மைக் வேண்டாம். ஒரே குரல் பல மைக்குகளில் முன்பின்னாகப் பதிந்து, குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். அரைவட்டமாக உட்காரவைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டு கார்டியாய்டு மைக்குகள் (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்குபவை) போதும்: இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 டிகிரி.

ஸ்ரீருத்ரத்தில் நமகம் என்ற பகுதி 11 அனுவாகங்கள், அதாவது 11 பிரிவுகள். ஒவ்வொன்றையும் தனி டேக்காக எடுங்கள். பிழை வந்தால் அந்தச் சொல்லை மட்டும் ஒட்டாதீர்கள். முன்பின் சொற்களோடு சந்தி சேர்ந்திருப்பதால் ஒட்டு தெரியும். வாக்கியத் தொடக்கத்துக்கே போக வேண்டும். ஸ்வரக்குறியிட்ட புத்தகத்தோடு கனபாடிகள் (கன பாடம் வரை வேதம் கற்றவர்) ஒருவர் கூடவே இருந்து கேட்டால் பிழை அங்கேயே பிடிபடும்.

மிக்ஸிங்கில் கை கட்டுப்பாடாக இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் 2:1, மூன்று டெசிபலுக்கு மேல் அழுத்தாமல். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கூடவே கூடாது: ‘நமஃ’ என்பதன் விஸர்க்கம், கடைசியில் மங்கும் அந்த மெல்லிய ‘ஹ’, முழுசாகப் போய்விடும். மூச்சொலியை அழிக்காமல் ஆறு டெசிபல் குறைத்தால் போதும். ரிவெர்ப், அதாவது எதிரொலிப்பு, ஒரு விநாடிக்குள் அடங்கட்டும். நீண்டால் ஸ்வரிதத்தின் வால் அடுத்த அனுதாத்தத்தின் மேல் விழுந்து, இரண்டும் ஒன்றாகக் கேட்கும். கோயில் மண்டபம் போல ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் பல நல்ல பதிவுகள் இப்படித்தான் வீணாகின்றன.

கற்பவர்களுக்கான பதிவு என்றால் ரிவெர்ப்பே வேண்டாம். வேதம் கற்பிக்கும் ‘சந்தை’ முறையில் குரு ஒருமுறை சொன்னதைச் சிஷ்யர் இருமுறை திருப்பிச் சொல்வார்; அதனால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அதன் இரு மடங்கு நேரம் மௌனமாக விடுங்கள்.