நீட் பிஜி: ‘இந்த மார்க்குக்கு சர்ஜரி கிடைக்குமா?’ என்று கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி எய்ம்ஸை ஒட்டியுள்ள கௌதம் நகரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம்மூர் மருத்துவர்கள், மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜியின் முடிவு வந்த மாலையே என்னைப் போன்ற மூத்தவர்களிடம் கேட்பது, “அண்ணா, இந்த மார்க்குக்கு ஜெனரல் சர்ஜரி கிடைக்குமா?” என்பதுதான். தவறு இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனெனில் இடம் ஒதுக்கப்படுவது ரேங்கை வைத்தே தவிர மதிப்பெண்ணை வைத்து அல்ல. பொதுப் பிரிவினர் தகுதி பெற வேண்டிய 50ஆவது பெர்சென்டைல் (அதாவது, தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டும் நிலை) 2021இல் 800க்கு 302 மதிப்பெண்ணாகவும், 2022இல் 275ஆகவும், 2023இல் 291ஆகவும் இருந்தது. வினாத்தாளின் கடினம் மாறும்போது மதிப்பெண்ணின் மதிப்பும் மாறுவதால், சீனியர் ஒருவர் தம் ஆண்டில் எடுத்த மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுவது பயனற்றது. 2024இல் தேர்வு இரண்டு ஷிஃப்ட்டுகளாக நடந்து முடிவே பெர்சென்டைலாக வந்தது. 2025இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒரே ஷிஃப்ட்டில் நடந்தது. இந்த இரண்டு ஆண்டுகளை மதிப்பெண் வழியாக ஒப்பிட வழியே இல்லை. தகுதி கட்-ஆஃபைத் தாண்டியதும் சர்ஜரி நிச்சயம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது கவுன்சலிங்கில் நுழைய அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

ரேங்கைக் கையில் வைத்துக்கொண்டு அகில இந்தியக் கவுன்சலிங்கை நடத்தும் எம்.சி.சி. (மருத்துவக் கவுன்சலிங் குழு) வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் புரட்டுபவர்கள் தடுமாறும் இடம் வேறு. அந்த பிடிஎஃப்பில் ஒவ்வொரு வரியிலும் ரேங்க், ஒதுக்கீட்டு வகை, கல்லூரி, படிப்பு ஆகியவற்றை அடுத்து, ஒதுக்கப்பட்ட பிரிவு, விண்ணப்பதாரரின் பிரிவு என்று அருகருகே இரண்டு பத்திகள் இருக்கும். ஓபிசி விண்ணப்பதாரர் தம் ரேங்கால் பொது இடத்தையே பெற்றிருக்கலாம் என்பதால், இரண்டாவது பத்தியைப் பார்த்து ‘ஓபிசி கடைசி ரேங்க் இது’ என்று குறித்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். பார்க்க வேண்டியது ஒதுக்கப்பட்ட பிரிவைத்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மாநில ஒதுக்கீட்டில் நாம் பழகிய பி.சி., எம்.பி.சி. பிரிவுகளும் 69 சதவீத இட ஒதுக்கீடும் அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடையாது. அங்கே ஓபிசிக்கு 27 சதவீதம். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருந்து, மத்திய அரசின் படிவத்தில் நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற) சான்றிதழும் இருந்தால் மட்டுமே அந்த ரேங்குகள் உங்களுக்குப் பொருந்தும். இல்லையென்றால் பொதுப் பிரிவின் கடைசி ரேங்கைத்தான் பார்த்தாக வேண்டும், அது எவ்வளவு கசந்தாலும்.

முதல் சுற்றின் கடைசி ரேங்கோடு பட்டியலை மூடிவிடுவதும் தவறு. மேலே இருப்பவர்கள் வேறு இடத்துக்கு மாறும்போதும் மாநில இடத்தை ஏற்கும்போதும் காலியாகும் இடங்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் கீழிறங்கும். சர்ஜரியில் இந்த இறக்கம் கவனிக்கத்தக்கது, ஏனெனில் முன்வரிசை ரேங்குக்காரர்கள் ரேடியாலஜி, ஜெனரல் மெடிசின், டெர்மட்டாலஜி பக்கம் போவதே அதிகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கடைசி ரேங்க் வெகு தூரம் பின்னால் இருப்பதைக் கண்டு மகிழ்பவர்கள், அதே பக்கத்தில் ஆண்டுக் கட்டணத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. சர்ஜரியை, பல்கலைக்கழகப் பட்டமான எம்.எஸ். பட்டியலோடு கலந்து பார்க்காதீர்கள். எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கு ஐஎன்ஐ-செட் தனித் தேர்வு என்பதால் நீட் பிஜி ரேங்க் அங்கே செல்லாது.

கணிப்பில் நம்பிக்கை வைத்து, ‘எட்டாது’ என்று தோன்றும் கல்லூரிகளை விருப்பப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். எட்டாத இடத்தை மேலே எழுதுவதால் கீழே எழுதிய இடத்துக்கான வாய்ப்பு குறையாது. என்னிடம் ஆலோசனை கேட்ட தம்பி ஒருவர் முதல் சுற்றின் ரேங்கை நம்பி ஒரு கல்லூரியை மூன்றாம் சுற்றுப் பட்டியலிலிருந்து நீக்கினார். அந்தச் சுற்றில் அங்கே எம்.எஸ். சர்ஜரி பெற்றவருடைய ரேங்க், அவருடையதைவிட இருநூறு பின்னால் இருந்தது.