ஃபேக்ஸ் பக்கங்களைப் பழைய இ-ரீடருக்கு மாற்ற
ஃபேக்ஸ் பக்கம் படமாகச் சேமிக்கப்பட்ட டிஃப் (TIFF) கோப்பில் எழுத்தெல்லாம் அமுங்கிக் குள்ளமாகத் தெரிகிறதா? கோப்பில் கோளாறு இல்லை. சாதாரணத் தரத்தில் அகலவாக்கில் அங்குலத்துக்கு 204 புள்ளி, உயரவாக்கில் 98 புள்ளி வரிதான். உயரத்தை மட்டும் 208 சதவீதம் ஆக்குங்கள்; ஃபைன் தரம் என்றால் 104 போதும். பக்கத் தலையில் உள்ள தேதி, எண் வரியை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் (OCR) அதையும் பக்கத்துக்குப் பக்கம் உரைக்கு நடுவில் செருகிவிடும். பிறகு டெசராக்ட் (Tesseract) என்ற ஓசிஆர் மென்பொருளில் எழுத்தாக்கி, பிழை பார்த்து, காலிபர் (Calibre) என்ற மின்னூல் மென்பொருளில் மோபி (MOBI) அல்லது பிடிபி (PDB) வடிவ மின்னூல் ஆக்கலாம்.

ஆங்கிலத்துக்கு இது சரி. தமிழ் என்றால் பழைய கருவியில் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும், படமாகவே வையுங்கள். ஃபேக்ஸ் பக்கத்தின் 1728 புள்ளி அகலத்தைக் கருவித் திரைக்கு ஏற்ப 600க்குச் சுருக்கும் முன் கிரேஸ்கேலுக்கு, அதாவது சாம்பல் சாயல்கள் உள்ள படமாக, மாற்றுங்கள். கறுப்பு வெள்ளையிலேயே சுருக்கினால் மெல்லிய கோடுகள் உதிரும், புள்ளி காணாமல் போய் ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும்.