நீராவி எஞ்சின் மாதிரி: முதலில் சக்கரம் உருளட்டும்
ரயில் எஞ்சின் மாதிரியை நாமே பொருத்திச் செய்வதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியைத் திறந்ததும் கொதிகலனை ஒட்டிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் அடிச்சட்டம் தடையின்றி உருளும்வரை மேற்பகுதியைத் தொடாமலிருப்பதே நல்லது. 1:87 அளவு மாதிரியின் தண்டவாள இடைவெளி வெறும் 16.5 மி.மீ. என்பதால், மயிரிழைப் பிசகும் ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

இரு சிலிண்டர் எஞ்சினில், ஓர் அச்சின் இருபுறச் சக்கர ஊசிகளும் (சக்கரத்தில் தண்டை மாட்டும் முளைகள்) ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் இக்கோணம் ஒன்றுபோல் அமையாவிட்டால், சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைதண்டுகளை மாட்டியவுடன் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஓரிடத்தில் இறுகும். மோட்டாரைப் பொருத்துமுன், கண்ணாடிமேல் வைத்து விரலால் தள்ளி அந்த இடத்தைக் கண்டறிந்து, முதலில் கோணத்தைத் திருத்திவிட்டு, பிறகும் இறுகினால் மட்டும் தண்டின் துளையை இம்மியளவு அகலப்படுத்துங்கள்.

வார்ப்போடு வரும் கைப்பிடிகள் தடித்துத் தெரியும் (எனக்கு அவை என்றுமே பிடித்ததில்லை). அவற்றைச் சீவியெடுத்து, மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகலாம். சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பிறகே வண்ணம் பூச வேண்டும்.