தட்டான் சட்டை தேடுவது எப்படி

பாம்பைப் போலத் தட்டானும் சட்டை உரிக்கும்; தண்ணீருக்குள் வளர்ந்த குஞ்சு தண்டில் ஏறி, தோலை அங்கேயே உரித்துவிட்டுத் தட்டானாகப் பறந்துபோகும். ஐப்பசியில் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களுக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும்போது, பக்கத்துக் குளத்தில் பிறந்தவை என்று எழுதிவிடாதீர்கள். மலையாளத்தில் துலாத்தும்பி எனப்படும் இந்த இனம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகக்கூடியது. குளத்திலேயே வளர்ந்து வெளியேறியதற்குச் சாட்சி, தண்ணீரோரக் கோரையில் ஒட்டியிருக்கும் வெற்றுச் சட்டைதான்.

காலை ஆறரைக்குக் கரைக்குப் போய் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்தால் சட்டைகள் உதிரும். முந்தின இரவு பலத்த மழை என்றால் அன்று தேடுவது வீண். இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் போங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. குந்தி உட்கார்ந்து, கோரை, தாமரைத் தண்டு, நெற்பயிர் இவற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசித்தட்டானின் சட்டை பெரும்பாலும் தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும். பெரிய தட்டானுடையது முழங்கால் உயரத்திலும் இருக்கலாம். படித்துறைச் சுவரையும் விடாதீர்கள். சித்தூர்ப் புழா போன்ற ஓடும் நீரில் கரைக்கல்லின் மேலேயே படுத்தவாக்கில் கிடைக்கும்.

சட்டைக்குப் பக்கத்தில் உடல் வெளுத்து, இறக்கை கண்ணாடித்தாள் போல மினுங்கும் தட்டான் உட்கார்ந்திருந்தால் அந்தத் தண்டையே தொடாதீர்கள். அப்போது மடங்கும் இறக்கை அப்படியே இறுகிவிடும், பிறகு நிமிராது. அது பறந்துபோனபின் திரும்பி வாருங்கள்.

காய்ந்த சட்டை அப்பளம் மாதிரி நொறுங்கும். இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பெயின்ட் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தள்ளினால் கால் நகங்கள் பிடியை விடும். கால் ஒன்று உடைந்தால் பெரிய நஷ்டமில்லை. தலையைக் கெடுத்துவிட்டால் இனம் காண்பது கஷ்டம்.

ஏனென்றால் பாதி அடையாளம் தலைக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீரில் வாழ்ந்த நாளில் இரையைப் பிடிக்க முன்னால் பாய்ந்து நீளும் கீழுதடு அங்கே மடிந்திருக்கும்; இதை முகமூடி என்பார்கள். வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, குண்டூசியால் மெல்லக் கீழே இழுத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கரண்டி போலக் குழிந்து முகத்தையே மூடினால், நெல்வயலில் நாம் நித்தமும் பார்க்கும் சிவப்பு, மஞ்சள் தட்டான்களின் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். தட்டையாக இருந்தால் வேறு குடும்பங்கள். வால்நுனியும் முக்கியம்: தட்டானுக்குக் குட்டையான ஐந்து முள், ஊசித்தட்டானுக்கு இலை போன்ற மூன்று செவுள்கள். காய்ந்தால் அந்த இலைகள் சுருண்டோ உடைந்தோ போகும். அப்போது உடல் ஒல்லியாக, தலை உடலைவிட அகலமாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதுகுப் பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கினால் பூஞ்சை என்று தூக்கிப்போடாதீர்கள். அவை மூச்சுக்குழாய்களின் உட்தோல். தட்டான் வெளியே வரும்போது கூடவே உரிந்தவை. புதிதாகத் தேடுபவர்களைச் சில்வண்டின் ஓடும் ஏமாற்றும். அது பெரும்பாலும் மரத்தில் இருக்கும், முன்கால் மண் தோண்டத் தடித்திருக்கும், முகமூடி இருக்காது.

நிழலில் காயவைத்துத் தீப்பெட்டியில் போடுங்கள். பஞ்சு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். தேதி, குளம், தண்டு, நீரிலிருந்து உயரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். எண்ணிக்கை வேண்டுமென்றால் கரையில் அதே 10 மீட்டரை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து, கிடைத்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த முறையும் அதையே எண்ணுவோம். வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் சட்டையைக்கூட எடுக்கக் கூடாது.

குளம் தூர்வாரும்போது ஒரு பக்கக் கோரையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் வழித்தெடுத்த கரையில், தட்டான் ஏறி உரிக்க ஒரு தண்டுகூட மிஞ்சாது.

துலாத்தும்பிக்கு நிரந்தரக் குளம் தேவையில்லை. மழைக்குட்டையிலேயே ஒன்றரை, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். ஐப்பசி மழையில் நிறைந்த குட்டையைக் குறித்துவைத்து, கார்த்திகைக் கடைசியிலிருந்து அது வற்றும்வரை ஓரப்புல்லைத் தேடுங்கள்.